பெயர் எழுதாத கார்டுகள்

27 ஜனவரி 2025, திங்கள்

விஜயராஜ் சார் இன்று வேலைக்குத் திரும்பினார். சனிக்கிழமைதான் அவர் மனைவிக்குக் கருமாதி. பிள்ளை இல்லாத வீடு. கொள்ளியும் அவரே வைத்து, மொட்டையும் அவரே போட்டுக்கொண்டார். அந்த மொட்டைத் தலையோடு, வேலைக் கார்டுகள் ஒட்டும் போர்டு முன்னால் எங்களோடு வந்து நின்றார்.

எங்கள் காலைக் கூட்டம் நின்றுகொண்டே நடப்பது. நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்யப்போகிறாய், எதில் சிக்கிக்கொண்டாய் என்று ஆளுக்கு மூன்று கேள்வி. கேட்பது என் வேலை. வளவன் சொன்னான், இசைப்பிரியா சொன்னாள். வாய்ப்பழக்கத்தில் அவரையும் கேட்டுவிட்டேன்: "சார், நேத்து என்ன பண்ணீங்க?"

"நேத்து ஒண்ணும் பண்லம்மா," என்றார். "சும்மா உட்காந்துகினு இருந்தேன்."

நேற்று ஞாயிற்றுக்கிழமை. அறிவு இருக்கிறதா எனக்கு?

28 ஜனவரி

பூட்டு ஆப்பின் புதுப் பதிப்பு சித்திரைக்குள் முடிய வேண்டும் என்று பிரவீன்குமார் இன்று மறுபடி சொன்னார். அவர்தான் முதலாளி. சென்னையில் பெரிய கம்பெனியில் இருந்தவர். கொரோனா சமயத்தில் ஊருக்கு வந்து, மந்தாரக்குப்பத்தில் ஒரு ஹார்டுவேர் கடை மாடியைப் பிடித்து எங்கள் நான்கு பேரை வைத்து நடத்துகிறார். விஜயராஜ் சாரும் வளவனும் நிரல் எழுதுகிறார்கள், இசைப்பிரியா சோதித்துப் பார்க்கிறாள், நான் பாதி நிரல், பாதி ஸ்க்ரம் மாஸ்டர், அதாவது வேலையைப் பங்கிட்டு நடத்துகிறவள். என் மாமியார் எங்கள் ஊர் வடக்குத்து முழுக்க மருமகள் டீச்சர் என்று சொல்லி வைத்திருக்கிறார்.

ஆப் செய்யும் வேலை சின்னதுதான். சுரங்கத்திலிருந்து நிலக்கரியைத் தூக்கிப் போகும் பெல்ட்டில் ரிப்பேர் என்றால் மின்சாரத்தை நிறுத்துவார்கள். கீழே இறங்குகிற ஒவ்வொரு ஆளும் சுவிட்சில் தன் பூட்டைத் தானே மாட்டுவான். பூட்டில் அவன் பேரும் படமும் உள்ள அட்டை தொங்கும். கடைசிப் பூட்டு கழன்றால்தான் பெல்ட் ஓடும். யார் யார் இன்னும் கீழே இருக்கிறார்கள் என்பதை சூப்பர்வைசர் தன் ஃபோனிலேயே பார்த்துக்கொள்ளத்தான் எங்கள் ஆப். பெல்ட் பராமரிப்பை எடுத்திருக்கும் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனிக்காகச் செய்கிறோம்.

என் வீட்டுக்காரர் செல்வகுமாரும் அங்கேதான் ஃபிட்டர். அவருடைய பூட்டுச் சாவி எங்கள் வீட்டுச் சாவியோடு ஒரே வளையத்தில் கிடக்கிறது. தினமும் அதைத்தான் தேடுகிறோம்.

31 ஜனவரி, வெள்ளி

ஸ்பிரிண்ட் முடிந்தது. இரண்டு வாரத்துக்கு இவ்வளவு வேலை என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, கார்டு கார்டாக எழுதி ஒட்டி, கடைசி நாள் எண்ணிப் பார்ப்பது எங்கள் ஸ்க்ரம் முறை. வளவன் பேரில் உள்ள கார்டுகள் வரிசையாக, முடிந்தவற்றுக்கான "டன்" பக்கம் போய்விட்டன. விஜயராஜ் சார் பேரில் உள்ளவை எல்லாம் நடுவில், "டூயிங்" பக்கத்திலேயே நிற்கின்றன. ஒன்றை எடுக்கிறார், கொஞ்ச நேரம் பார்க்கிறார், இன்னொன்றை எடுக்கிறார். எதையும் முடிக்கவில்லை. முடிக்க முடியவில்லை.

பிரவீன் என்னை அறைக்குள் கூப்பிட்டு, யார் எத்தனை கார்டு முடித்தார் என்ற சார்ட்டைத் திருப்பிக் காட்டினார். "அன்புக்கரசி, எனக்கும் வருத்தம்தான். ஆனா சித்திரை பொறந்தா இந்த டீமுக்கு மூணு பேர் போதும். யாருன்னு நான் சொல்லல. சார்ட் சொல்லும்."

ஆளுக்கு ஆள் எண்ணக்கூடாது என்று அந்த முறையிலேயே சொல்லியிருக்கிறது. அந்தப் பக்கம் மட்டும் இவர் கண்ணில் படாது. சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

விஜயராஜ் சாருக்கு நாற்பத்தொன்பது வயது. இங்கே விட்டால் வேறு யார் சேர்ப்பார்கள்? அதைவிட, காலையில் எழுந்து எங்கே போவார்?

3 பிப்ரவரி, திங்கள்

சனி ஞாயிறு முழுக்க இதே யோசனை. குழம்பு இரண்டு தடவை தீய்ந்தது.

கான்பான் என்று இன்னொரு முறை இருக்கிறது. அதில் இரண்டு வாரக் கெடு கிடையாது. வேலை வர வர எடுக்கலாம். ஆனால் ஒரே நேரத்தில் கையில் வைத்திருப்பதற்கு ஒரு வரம்பு உண்டு. ஒன்றை முடிக்காமல் இன்னொன்றைத் தொடக்கூடாது. ஸ்க்ரமையும் இதையும் கலந்து நடத்துகிற கம்பெனிகள் நிறைய. கூடவே, ஒரு கம்ப்யூட்டர் முன்னால் இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்து எழுதும் முறையையும் சேர்த்துக்கொண்டால்?

இன்று காலை சிவப்பு இன்சுலேஷன் டேப்பால் போர்டை இரண்டாகப் பிரித்தேன். இடப்பக்கம், ஒப்புக்கொண்ட புது வேலை. வலப்பக்கம், பெல்ட்டிலிருந்து வருகிற புகார்கள், வர வர. வளவனும் விஜயராஜ் சாரும் இடப்பக்கத்தைச் சேர்ந்து பார்ப்பார்கள். நானும் இசைப்பிரியாவும் வலப்பக்கம்.

பிறகு, கார்டின் மூலையில் பேர் எழுதும் வழக்கத்தை எடுத்துவிட்டேன்.

"டீமே பொறுப்பு, தனி ஆள் இல்ல. உலகம் முழுக்க இப்ப இப்படித்தான்," என்று பிரவீனிடம் சொன்னேன். உலகம் என்றதும் தலையாட்டிவிட்டார். உண்மையான காரணத்தை இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்: பேர் இல்லையென்றால் சார்ட்டால் யாரையும் காட்டிக்கொடுக்க முடியாது.

11 பிப்ரவரி, தைப்பூசம்

வடலூரில் கால் வைக்க இடமில்லை. பஸ்ஸை எங்கேயோ நிறுத்திவிட்டார்கள், நடந்தே போனோம். ஜோதி பார்க்கும் வரிசையில் எங்களுக்கு முன்னால் விஜயராஜ் சார் நின்றிருந்தார். தனியாக. போன வருடம் மனைவி ராஜாம்பாள் அக்காவை ஸ்டூலில் உட்காரவைத்து, வரிசை நகர நகர ஸ்டூலையும் நகர்த்திக்கொண்டு போனார். டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகும் அந்த அம்மா வராமல் இருந்ததில்லை.

"சார், சார்" என்று கூப்பிட்டேன். ஊரில் உள்ள சார்கள் எல்லாம் திரும்பினார்கள். அவர் திரும்பவில்லை. வரிசை நகர்ந்துவிட்டது.

19 பிப்ரவரி

கலப்பு முறை வேலை செய்கிறது. சும்மா சொல்லக்கூடாது, நானே எதிர்பார்க்கவில்லை. டூயிங் பக்கம் காலியாக இருக்கிறது. புகார் வந்த அன்றே சரியாகிறது. பெல்ட் சூப்பர்வைசர் சிங்காரவேல் ஃபோன் பண்ணி, "இப்பல்லாம் சொன்னா ஒடனே பண்ணிர்றீங்களே" என்றார். பிரவீன் சார்ட்டைப் பார்த்து, தான் கண்டுபிடித்ததுபோல் சிரிக்கிறார்.

சார் பிழைத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

27 பிப்ரவரி

வளவன் இன்று மாடிப்படியில் என்னை மறித்துக்கொண்டான்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத. நாங்க ரெண்டு பேரும் சேந்து பண்றோமா, நான் பண்றத அவரு பாத்துகினு இருக்காரா?"

"கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்க வளவா."

"நான் பொறுத்துகினுதான் இருக்கேன். எங்கப்பா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நான் லீவு கேட்டேன். அந்த ஸ்பிரிண்ட் முடியட்டும்னு நீதான சொன்ன? எனக்கு யாரு டேப்பு ஒட்டுனாங்க?"

அவன் சொன்னது நடந்ததுதான். இருபத்தேழு வயசுக்காரன் தாங்கிக்கொள்வான் என்று எல்லாருமே நினைத்துவிடுகிறோம்.

5 மார்ச்

இன்று சார் ஒரு வார்த்தைகூடத் தட்டவில்லை. வளவன் தட்டினான், அவர் பக்கத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாலை கார்டு டன் பக்கம் போனது. சார்ட்டுக்கு மகிழ்ச்சி.

12 மார்ச், புதன்

நிதானமாக எழுத வேண்டும்.

மதியம் ஷிப்ட் மாறும் நேரம். கண்ணையன் என்கிற ஆள், முதல் ஷிப்ட், பெல்ட்டுக்குக் கீழே ரோலர் மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். வேலை முடியாததால் அடுத்த ஷிப்டிலும் இருந்து முடித்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறார்கள். ஷிப்ட் மாறியதும் எங்கள் ஆப் என்ன செய்தது? முதல் ஷிப்ட் ஆட்கள் அத்தனை பேரும் மேலே வந்துவிட்டதாக வைத்துக்கொண்டு பட்டியலைத் துடைத்துவிட்டது. அடுத்த ஷிப்ட் சூப்பர்வைசர் ஃபோனில் பச்சையாக வந்தது: கீழே யாருமில்லை.

சுவிட்சில் ஒரு பூட்டு மட்டும் தொங்கியிருக்கிறது. ஆப் யாருமில்லை என்கிறதே, மறந்துபோய் வீட்டுக்குப் போயிருப்பான் என்று பூட்டை வெட்ட கட்டர் கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள்.

வெட்டுவதற்கு முன்னால் அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அட்டையில் உள்ள பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே ஒரு ஆள் பெல்ட் நெடுக நடக்க வேண்டும். நடந்திருக்கிறார்கள். கண்ணையா, கண்ணையா என்று. கடைசிக்குக் கொஞ்சம் முன்னால், அடியிலிருந்து "இன்னாங்க, இங்கதான் இருக்கேன்" என்று பதில் வந்திருக்கிறது.

சிங்காரவேல் ஃபோனில் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "அந்த ஆளு இப்ப டீ குடிச்சிகினு இருக்கான்ங்க. கிளாஸ் கையில நிக்கல," என்று மட்டும் சொன்னார்.

செல்வகுமார் இன்று இரண்டாவது ஷிப்ட். அவர் வரும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். வந்ததும் கேட்டார், "உங்க ஆப்பாமே?"

ஆமாம். எங்கள் ஆப்.

13 மார்ச்

எப்படி நடந்தது என்று காலையிலேயே தெரிந்துவிட்டது. பெரிய மர்மம் எதுவுமில்லை.

ஷிப்ட் மாறும்போது பட்டியலைப் புதிதாக்குவது இடப்பக்கத்துக் கார்டு. ஷிப்ட் தாண்டி உள்ளே இருக்கும் ஆட்களை என்ன செய்வது என்று சிங்காரவேல் போன மாதமே கேட்டிருந்தார். அது வலப்பக்கத்துக் கார்டு. புகார்தானே, அந்தப் பக்கத்தார் பார்ப்பார்கள் என்று வளவன் நினைத்திருக்கிறான். இதுவும் ஷிப்ட் மாற்றம்தானே, அவர்கள் செய்துவிட்டார்கள் என்று இசைப்பிரியா எங்கள் கார்டை டன்னுக்கு நகர்த்தியிருக்கிறாள். நானும் கேட்கவில்லை. காலைக் கூட்டத்தில் தினமும் அந்த இரண்டு கார்டுக்கும் முன்னால்தான் நின்றோம். இரண்டிலும் பேர் இல்லை. யாரைக் கேட்பது?

ஆளுக்கொரு பூட்டு, பூட்டுக்கொரு பேர் என்பதற்காகவே ஒரு ஆப். அதைச் செய்கிற இடத்தில் பேரை எடுத்துவிட்ட புத்திசாலி நான்.

பிரவீன் எல்லாரையும் உட்காரவைத்தார். "அவங்க கம்பெனி எழுத்துல கேக்குது. யாரு பொறுப்புன்னு ஒரு பேர் வேணும். டீம் பொறுப்புன்னு எழுதுனா அடுத்த நிமிஷம் ஒப்பந்தம் ரத்து. யாரோட கார்டு?"

வளவன் தரையைப் பார்த்தான். இசைப்பிரியா அழத் தொடங்கிவிட்டாள். இந்த முறையைக் கொண்டுவந்தவளே நான், என் பேரை எழுதுங்கள் என்று சொல்ல நான் எழுந்தேன். அதற்குள் விஜயராஜ் சார், "என்னுதுங்க" என்றார்.

ஒன்றரை மாதத்தில் அவர் கூட்டத்தில் தானாகப் பேசிய முதல் வார்த்தை.

"சார், அது உங்களுது இல்ல," என்றேன்.

"என்னுதுங்க. எழுதிக்கோங்க," என்றார் பிரவீனைப் பார்த்து.

பிரவீன் எழுதிக்கொண்டார். முகத்தில் ஒரு நிம்மதி. சார்ட் சொல்லாததை ஆளே சொல்லிவிட்டார் அல்லவா.

14 மார்ச்

தூக்கமில்லை. காலையில் சாரை டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். சண்டைக்குப் போகிற மாதிரியே கேட்டேன்.

"யாருதும் இல்லாத கார்டுதான? யாரு வேணா எடுத்துக்கலாம்."

"உங்களைக் காப்பாத்தத்தான் சார் பேரையே எடுத்தேன். இப்ப நீங்களே போய்..."

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். "தெரியும்மா. மொத நாளே தெரியும். நீ நல்லதுக்குத்தான் பண்ண." பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மறக்கக்கூடாது.

"வெளிய நான் சார். ஊர்ல மாமா, பெரியப்பா. எங்கம்மா போன பின்னால என்ன பேரு சொல்லிக் கூப்பிட்டது ராஜாம்பாள் மட்டும்தான். வாசல்ல நின்னுகினு 'விஜயராஜூ'ன்னு கூப்புடுவா. புருஷன பேரு சொல்றா பாருன்னு தெருவே சிரிக்கும். அவ வுட மாட்டா. இப்ப வூட்ல கூப்பிட ஆளில்ல. இங்க வந்தா, போர்டுல மட்டும் இருந்திச்சி. நீ அதயும் எடுத்துட்ட."

அழுகை வந்துவிட்டது எனக்கு. டீக்கடையில் எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"அந்தக் கார்ட என்கிட்ட குடும்மா," என்றார். "அது ஒண்ணு மட்டும். பேரு போட்டுக் குடு. முடிச்சிட்டுப் போறேன்."

17 மார்ச், திங்கள்

காலையில் பிரவீன் வருவதற்கு முன்பே போய் எல்லாக் கார்டிலும் பேர் எழுதினேன். இரண்டு பக்கத்தையும் தொடுகிற கார்டை சிவப்பு டேப்பின் மேலேயே ஒட்டி, ஒரே ஒரு பேர் எழுதுவது என்று முடிவு செய்தோம். துணைக்கு யார் வேண்டுமானாலும் உட்காரலாம், பேர் ஒன்றுதான். வரம்பு அப்படியே இருக்கட்டும் என்று வளவனே சொன்னான். முறையில் தப்பில்லை, நான் அதை மூடி மறைக்கப் பயன்படுத்தியதுதான் தப்பு.

ஷிப்ட் மாற்றக் கார்டில் என் கையால் எழுதப்போனேன். விஜயராஜ் சார் பேனாவை வாங்கிக்கொண்டார்.

வளவனிடம் மன்னிப்புக் கேட்டேன், அவன் அப்பா விஷயத்துக்கு. "வுடுக்கா" என்றான். விட்டுவிட்டானா என்று தெரியவில்லை.

பிரவீன் போர்டைப் பார்த்துவிட்டு, "ஏப்ரல் பதினொண்ணு விஜயராஜ் சாருக்குக் கடைசி நாள்னு வெச்சிக்கலாம்," என்றார். வாடிக்கையாளருக்கு வெள்ளிக்கிழமையே எழுதிவிட்டாராம்: பூட்டுப் பகுதிக்குப் பொறுப்பு விஜயராஜ்.

26 மார்ச்

ஒரே கார்டு. அவர் முன்னால் வேறு எதுவும் இல்லை. காலையில் நின்றுகொண்டு, "நேத்து இத்தன வரி எழுதினேன், அதுல பாதிய அழிச்சேன்" என்கிறார். நாங்கள் சிரித்தோம். அவரும் லேசாக.

மெதுவாகத்தான் போகிறது. ஆனால் தட்டுகிறார்.

2 ஏப்ரல்

பெல்ட்டை நேரில் பார்க்க வேண்டும் என்றார். சிங்காரவேல் கேட் பாஸ் வாங்கிக் கொடுத்தார். நானும் கூடப் போனேன். இத்தனை நாள் ஆப் எழுதிய நாங்கள் யாருமே ஷிப்ட் மாறும்போது அங்கே நின்றதில்லை. என் வீட்டுக்காரர் தினமும் இறங்குகிற இடம்.

சுவிட்சில் பூட்டுகள் கொத்தாகத் தொங்கின. இறங்கப்போகிற கும்பலும் ஏறி வந்த கும்பலும் ஒருவரை ஒருவர் பேர் சொல்லித் தேடிக்கொண்டிருந்தார்கள். கண்ணையனும் இருந்தார், என்னைவிடச் சின்னப் பையன் மாதிரி முகம். சார் அவரிடம் போய், "அன்னிக்கு உன் பேர தொடச்சது எங்க ஆப்பு. நான்தான் பொறுப்பு, எம்பேரு விஜயராஜு," என்றார்.

கண்ணையன் கையிலிருந்த தன் பூட்டைப் பார்த்தார். பிறகு, "பரவால்லீங்க, நல்லாத்தான இருக்கேன்," என்றார்.

ஆபீஸுக்குத் திரும்பியதும், அதுவரை எழுதினதில் பெரும்பகுதியைச் சார் அழித்துவிட்டார். ஷிப்ட் மாறினால் பட்டியல் தானாகத் துடைபடவே கூடாது என்றார். ஒருவர் பூட்டை ஆப்பில் நீக்க வேண்டுமானால், பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, ஆள் மேலே நின்று பதில் சொன்னாரா என்று சூப்பர்வைசர் ஒவ்வொரு பேருக்கும் தனியாகத் திரையில் தொட வேண்டும். அவர்களிடம் இருக்கிற வழக்கத்தை ஆப் கெடுக்காமல் இருந்தால் போதும் என்றார்.

"ரொம்ப மெதுவாயிடுமே சார்," என்றான் வளவன்.

"ஆவட்டும்."

வளவன் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். இந்தத் தடவை சார் தட்டினார், அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

9 ஏப்ரல்

இசைப்பிரியா எப்படியெல்லாமோ உடைக்கப் பார்த்தாள், உடையவில்லை. நேற்று மூன்று ஷிப்ட் மாற்றத்திலும் பெல்ட்டிலேயே வைத்துச் சோதித்தார்கள். சார் தன் கார்டைத் தானே எடுத்து டன் பக்கம் ஒட்டினார். ஒட்டிவிட்டு, விரலால் ஒருமுறை அழுத்தினார்.

பிரவீனிடம் போய்ப் பேசினேன். கடைசி நாள் கடைசி நாள்தான் என்றார். கெஞ்சவும் செய்தேன், எழுத வெட்கமாக இருக்கிறது.

10 ஏப்ரல்

வளவனுக்கு பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது. இந்த மாதக் கடைசியில் போகிறானாம். பிரவீனுக்கு முகம் செத்துவிட்டது. ஒரு ஆளைக் குறைக்கப் பார்த்தவருக்கு ஒரு ஆள் குறைந்தது, அவர் நினைத்த ஆள் இல்லை. ஆனாலும் விஜயராஜ் சார் விஷயத்தில் பிடித்த பிடியை விடவில்லை. சின்னப் பையனாக வேறு ஒருவரைப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்.

வளவனிடம் போகாதே என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? "அப்பாவ பாத்துக்க அடிக்கடி வருவ இல்ல?" என்று மட்டும் கேட்டேன். வருவேன் என்றான். நல்ல பையன். அவனுக்கு நான் செய்தது போதாது.

11 ஏப்ரல், பங்குனி உத்திரம்

சாருக்குக் கடைசி நாள் என்று இசைப்பிரியா கேசரி செய்துகொண்டு வந்தாள். யாருக்கும் இறங்கவில்லை.

மதியம் சிங்காரவேல் வந்தார், புது ஆப்புக்கு ஒப்புதல் சொல்ல. பிரவீன் பேச்சோடு பேச்சாக, "இனிமே எதுனாலும் எனக்கே பண்ணுங்க, விஜயராஜ் சார் இன்னியோட கெளம்பறாரு" என்றார்.

சிங்காரவேலுக்குப் புரியவில்லை. "கெளம்பறாருன்னா? பூட்டு ஆப் பொறுப்பு விஜயராஜ்னு நீங்கதான எழுதிக் குடுத்தீங்க? சுவிட்ச் ரூம்ல போர்டே எழுதி மாட்டிட்டோம். மூணு ஷிப்ட் ஆளுங்களுக்கும் சொல்லியாச்சி. பேரு மாத்தணும்னா மறுபடி சேஃப்டி மீட்டிங் வெக்கணும், கையெழுத்து வாங்கணும். எதுக்குங்க? நல்லாதான பண்ணியிருக்காரு."

"அது... தப்பு யாருதுன்னு கேட்டதுக்கு எழுதுனது," என்றார் பிரவீன்.

"நாங்க தப்பு யாருதுன்னு கேக்கலீங்களே. யாரு பொறுப்புன்னுதான கேட்டோம்?"

பிரவீன் என்னைப் பார்த்தார். நான் கேசரியைப் பார்த்தேன்.

சிங்காரவேல் போன பிறகு பிரவீன் நெடுநேரம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாலையில் வெளியே வந்து, "திங்கக்கெழம லீவு. செவ்வாக்கெழம வந்துருங்க சார்," என்று சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

விஜயராஜ் சார் பையை மாட்டிக்கொண்டு நின்றவர் அப்படியே நின்றார். பிறகு பையை இறக்கி வைத்து, கேசரி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

30 ஏப்ரல்

வளவன் போய்விட்டான். அவனுடைய கார்டுகள் ஒவ்வொன்றையும் யாரிடம் கொடுக்கிறான் என்று வாயால் சொல்லி, அவர்கள் சரி என்று சொன்ன பிறகுதான் பேரை அடித்து எழுதினான். அப்படிச் செய்யச் சொல்லி நான் கேட்கவில்லை.

8 மே, வியாழன்

கத்திரி வெயில். மாடித் தகரம் கொதிக்கிறது. வளவன் நாற்காலிக்குப் புதுப் பெண் வந்திருக்கிறாள், பவித்ரா என்று பேர். போர்டைக் காட்டி, டேப் எதற்கு, வரம்பு எதற்கு, பேர் எதற்கு என்று சொல்லிக்கொடுத்தேன். பேர் எதற்கு என்பதை மட்டும் முழுதாகச் சொல்லவில்லை.

விஜயராஜ் சாருக்கு முடி முளைத்துவிட்டது, பாதி வெள்ளை. இன்னும் மெதுவாகத்தான் வேலை செய்கிறார். சில நாள் திரையைப் பார்த்துக்கொண்டு அப்படியே இருந்துவிடுகிறார். அவர் பேரில் ஒரு கார்டுக்கு மேல் நாங்கள் வைப்பதில்லை.

மதியம் ஷிப்ட் மாறும் நேரத்துக்கு ஆபீஸ் ஃபோன் அடித்தது. பவித்ரா எடுத்தாள். பெல்ட் சத்தத்துக்கு நடுவே அந்தப் பக்கம் யாரோ உரக்கக் கேட்டது எங்கள் எல்லாருக்கும் கேட்டது. அவள் புதுசு, யார் யாரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று இன்னும் தெரியாது. ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு, கேட்டதை அப்படியே அறை முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாள்:

"விஜயராஜூ... விஜயராஜூ யாருங்க?"

அவர் நிமிர்ந்து வாசல் பக்கம் பார்த்தார். வாசலில் யாரும் இல்லை. பிறகு எழுந்து வந்து ஃபோனை வாங்கிக்கொண்டு, "இருக்கேன், சொல்லுங்க," என்றார்.